தராசு ஏந்திய பெண்

"இன்னைக்கே போவோம்ண்ணே! வாரியா, இல்ல நான் ஒத்தையில போவட்டா?"

அமலோற்பவம் நங்கூரக் கயிற்றை அவிழ்த்தே விட்டாள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முந்தாநாள் அவள் அண்ணன் சூசை, சங்கு குளிக்கையில் நடுக்கடல் பாறையடியில் கிடைத்த வெண்கலக் காசைப் பழங்காசு வியாபாரி கனகராயனிடம் காட்டினான். "ரோமாபுரிக் காசா? பட்டறையில அடிச்ச போலி! ஏமாத்துக்காரப் பயலே!" என்று மீன் ஏலக்கூடத்தில் ஊரே சிரிக்க விரட்டினார் அவர். மறுநாளே அந்தப் பாறையைத் தேடி லாஞ்சு என்னும் பெரிய விசைப்படகை அமர்த்திவிட்டார்!

அந்த முழுக்கிலேயே காதுச் சவ்வு கிழிந்ததால் சூசை இனி மூழ்க முடியாது. தங்கை மூழ்குவாள். மாமன் மகன் ரெமிஜியுஸ் படகை விரட்டினான்.

பாறைக்குத் தெற்கே கனகராயனின் லாஞ்சு நின்றது. "இடம் வடக்கே," என்றான் சூசை. "அதை நான் அவருகிட்ட சொல்லல."

முதல் முறை வெறும் மணல். இரண்டாம் முறை நீரோட்டம் அவளைப் பாறையில் மோதித் தோளைக் கிழித்தது. ஆத்திரத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்தாள். இடுக்கில் உடைந்த சாடி! உள்ளே ஒட்டிப்போன காசுக் கட்டி! நெஞ்சு வெடிக்க மேலே வந்தாள்.

லாஞ்சு பாய்ந்து வந்தது. "அது என்னோடது! குடு!" கத்தினார் கனகராயன்.

"போலிக் காசுக்கு லாஞ்சு எதுக்குய்யா?" என்றாள் அமலோற்பவம்.

ரெமிஜியுஸ் படகை ஆழமற்ற பாறைமேலேயே செலுத்தினான். அடிப்பலகை உரசியது, ஆனால் தாண்டிவிட்டது. துரத்திய லாஞ்சு 'மடார்' என்று தட்டி நின்றது!

மூவரும் நேராக அருங்காட்சியகம் போனார்கள். அதிகாரி மங்கையர்க்கரசி காசுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "அத்தனையும் அசல்! இதோ, தராசு ஏந்திய பெண். நேர்மைங்கிற குணத்தோட உருவம். இந்தக் கோத்த கைகள், நம்பிக்கை. ரோமாபுரிப் பேரரசர்கள் இதெல்லாம் தங்களோட குணம்னு பெருமையாக் காசுல அடிச்சாங்க."

"அப்படித்தான் நடந்துகிட்டாங்களா?"

"எல்லாரும் இல்லைம்மா. கொடுங்கோலர்களும் இதே பெண்ணைத்தான் அடிச்சாங்க."

"காசுல அடிச்சாப் போதுமாக்கும்!" அமலோற்பவம் சீறினாள். "கண்டெடுத்தது எங்கண்ணன்னு முத்திரை போட்டு எழுதிக் குடுங்க."

மறுநாள் ஏலக்கூடத்தில் அந்தக் கடிதத்தைச் சூசையே உரக்கப் படித்தான். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். "உக்காரு சூசை."

"இருக்கட்டும்," என்றாள் தங்கை. "அன்னைக்குச் சிரிச்சவுக எல்லாரும் மொதல்ல மன்னிப்பு கேளுங்க."

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நழுவப் பார்த்த கனகராயனை வாசலில் ரெமிஜியுஸ் மறித்தான். கடைசியில் அவரும் கேட்டார். அதன் பிறகுதான் சூசை உட்கார்ந்தான்.