நாலாவது துவாரம்

நனைந்த குடையை மடக்கிக்கொண்டு அம்மாவின் அறைக்குள் நுழைந்த தனபாலன் அப்படியே நின்றுவிட்டான். மச்சுப் பலகையின் சதுரத் துளையிலிருந்து இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

வெள்ளிக் கொலுசு... மரத்தூள் ஒட்டிய பாதங்கள்...

“ஆர் மேலை?”

“ஏணியக் கொஞ்சம் புடிங்கய்யா, வழுக்குது. எறங்கி வந்து சொல்றேன்.”

பிடித்தான். இறங்கி வந்தவள் கட்டுகலைப் பகுதித் தச்சர் வீரய்யாவின் மகள் சீதா. அப்பாவுக்குக் கால் முறிந்துவிட்டதால் வேலைக்குத் தானே வந்ததாகச் சொன்னாள். முகமெல்லாம் தூசி. அந்தத் தூசிக்கு நடுவே இரண்டு கண்கள்... மழை விட்டதும் ஹந்தானை மலை துலங்குமே, அப்படி ஒரு துலக்கம்.

கண்டிக்கு ரயில் வந்து இரண்டாவது வருஷம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு காப்பிக் கம்பனிக்குக் கிளாக்கராக வந்தவன் தனபாலன். அவன் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால்தான் காப்பி காயவைக்கும் களம். வெயில் நாளில் காப்பித்தோல் தூசியும், மழை நாளில் குளிர்மூட்டமும் மச்சின் நாலு காற்றுத் துவாரங்கள் வழியாக இறங்கின. தொய்வு என்னும் மூச்சிரைப்பு நோயுள்ள அம்மா இருமி இருமி இளைத்துப் போயிருந்தாள். இப்போதும் தூசிக்குப் பயந்து அடுப்படிக் குசினிக்குள் ஒதுங்கியிருந்தாள்.

“மூணைக் குங்கிலியம் வச்சு அடைச்சிட்டேன்யா. நாலாவதுக்கு இழுப்புப் பலகை. கயித்த இழுத்தா மூடும், தளத்துனா தெறக்கும். எப்பவும் அரைவாசி தெறந்தே இருக்கட்டும்.”

“நாலையும் அடைக்கத்தானே சொன்னனான்?”

“குளிருக்கு அம்மா பக்கத்துல கரிச்சட்டி வைக்கிறீங்களே. பொகை போக வேணாமா?”

“தணலிலை எங்கை புகை வருது? படிச்ச எனக்கு நீர் பாடம் சொல்லுறீரோ?”

“கண்ணுக்குத் தெரியாத பொகையும் போகணும்ல... தெரியலைன்னா நீங்களே ஏறி அடைங்க.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தச் சிரிப்பு அவனைச் சுட்டது. கயிற்றை இழுத்து மூடினான். ஏணியில் ஏறி, இடுக்குகளில் பழந்துணியையும் திணித்தான். அம்மாவைப் படுக்கவைத்து, பக்கத்தில் கரிச்சட்டியை வைத்து, கதவைச் சாத்திவிட்டுக் காப்பி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனான்.

பொழுது சாய்வதற்கு முன்பே திரும்பினான். மறந்துவிட்ட உளியை எடுக்க வந்த சீதா வாசலில் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன்யா... அம்மா பேசவே மாட்டேங்கிறாங்க.”

அவன் உள்ளே ஓடினான். அம்மாவின் தலை துவண்டு கிடந்தது. தோளைப் பிடித்து உலுக்கினான். கண் திறக்கவில்லை. சீதா ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். இருவருமாக அம்மாவை முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். தூறல் அம்மாவின் முகத்தில் விழுந்தது. சீதா அவளைத் தன் மடியில் சாய்த்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். எத்தனை நேரம்... அவனுக்கு ஒரு யுகம்.

“தம்பி... தலை இடிக்குது.”

அம்மாவின் குரல் கேட்டதும் தனபாலன் சேற்றில் உட்கார்ந்து அழுதான். சீதா தன் முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவளே வந்து பழந்துணிகளை உருவிப் போட்டாள். பலகையை அரைவாசி திறந்தாள். ஒரு தட்டில் தணல் வைத்து, சாம்பிராணி தூவி, அறையின் நடுவே வைத்தாள்.

“இப்ப பாருங்க.”

புகை எழுந்தது. கொஞ்சம் தயங்கியது... அலைந்தது... பிறகு யாரோ மேலிருந்து கூப்பிட்டதுபோல் ஒரே இழையாய் வளைந்து, அந்தச் சின்னத் துளையைத் தேடிப் போய் மறைந்தது. அவள் கயிற்றை இழுத்துப் பலகையை ஓர் அங்குலம் மூடினாள். இழை மெலிந்தது. இன்னும் ஓர் அங்குலம் திறந்தாள். விரைந்தது. அவள் விரல் சொன்னபடியெல்லாம் அது கேட்டது.

தனபாலன் வாய் பிளந்து நின்றான். பிறந்த நாள் முதல் சுவாசித்த காற்று... அதை இன்றுதான் கண்ணால் பார்க்கிறான். அதன் வழி தெரிந்தவள் பக்கத்தில் நிற்கிறாள்... மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது.

“என்னை மன்னிச்சுக்கொள்ளும், சீதா.”

“அதை அம்மாகிட்ட கேளுங்க,” என்றாள் மெல்ல.

அடுத்த ஞாயிறு, வீரய்யாவின் காலை விசாரிக்கக் கட்டுகலைக்குப் போனான். அதற்கடுத்த ஞாயிறும் போனான். ஐந்தாவது ஞாயிறு வீரய்யா எழுந்து நடந்தே காட்டினார்.

“காலு நல்லாயிருச்சு கிளாக்கரய்யா. இன்னும் வேற எதையும் பாக்கணுமா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். வெளியே மழை. சீதா தூணில் சாய்ந்து நின்றாள்.

“அம்மாட்டைச் சொல்லிப்போட்டன்,” என்றான் அவன்.

“என்னன்னு?”

“உம்மைத்தான் கட்டுவன் எண்டு. ரெண்டு நாள் என்னோடை பேசேல்லை. ‘தச்சன்ரை பெட்டையைக் கட்டினா ஊர் என்ன சொல்லும்’ எண்டு அழுதா. மூண்டாம் நாள், ‘அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, மோனை’ எண்டா... வருவீரோ?”

அவள் மழையையே பார்த்தாள். கண்கள் நிறைந்தன.

“ஞாயித்துக்கெழமைன்னா விடிஞ்சதுல இருந்து இந்த வாசல்லயே நிக்கிறேன்... அது கூடவா உங்களுக்குத் தெரியல?”