தோளில் விட்டுவைத்த கை

அன்று காலையிலிருந்து செத்துப்போன கதிர்காமநாதனைப் பார்க்க நாற்பத்தொரு பேர் வந்து போயிருந்தார்கள். உயிரோடு இருந்த கதிர்காமநாதனைத் தேடி ஒரு பூனைகூட எட்டிப் பார்க்கவில்லை.

கணினித் திரையின் அடியில் பச்சை எண்களில் ஓடும் வருகைக் கணக்கை, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் முறையாகப் பார்த்தார். நாற்பத்திரண்டு. மாதிரிக்காகப் போட்டுவைத்த அந்தப் பக்கத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு பேர் வந்தாலே பெரிது. அதிலும் ஒருவர் அவராகத்தான் இருப்பார்.

கப்பல் ஏஜென்சி ஒன்றில் இருபத்து மூன்று வருடம் டைப் அடித்த மனிதர் அவர். ஆட்குறைப்பில் கம்பெனி அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தது. இனி நேரம் மட்டும்தான் உன்னிடம் இருக்கும் என்று அதற்கு அர்த்தம். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு, டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய சந்தில், யூசுப்பின் கம்ப்யூட்டர் கடைக்கு மாடியில் ஓர் அறை பிடித்து, இணையத்தில் மரண அறிவித்தல் போடும் தொழிலை ஆரம்பித்தார். பினாங்குத் தீவில் ஒருவர் கண்ணை மூடினால், லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் கடிதம் போய்ச் சேர்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கப் போவதாக அவர் சொன்னபோது, மனைவி தவமணி, "உயிரோட இருக்கிற சனத்துக்கு ஏதும் செய்யத் தெரியாதோ உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் தெரியாது. ஆகவே படம், பெயர், உறவு முறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கித்தான் ஏற்றுவார். திறந்தால் அது மேலிருந்து கீழாக, சேலைக் கடைக்காரர் மடிப்பு மடிப்பாக உதறிக் காட்டுவதுபோல, நிதானமாக இறங்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் சனத்திடம் தனிப் படம் இருக்காது. கல்யாணத்திலோ ஸ்டூடியோவிலோ நான்கு பேரோடு நின்ற படத்தைத்தான் கொண்டுவந்து தருவார்கள். பக்கத்தில் நிற்பவரைக் கதிர்காமநாதன் வெட்டி எடுப்பார். தோளில் போட்ட கையை மட்டும் வெட்ட முடியாது. அதனால் அவருடைய தளத்தில் இறந்தவர்கள் பாதிப் பேரின் தோளில் யாருடையதோ ஒரு கை, மணிக்கட்டோடு நறுக்கப்பட்டுக் கிடக்கும்.

வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டியிருந்தது. மாதிரிக்கு யாரைச் சாகடிப்பது? சண்டைக்கு வராத ஒரே ஆள் என்று யோசித்ததில் தன் பெயர்தான் வந்தது. செத்ததாகப் பொய்ச் செய்தி பரவினால் ஆயுசு கூடும் என்பார்களே, அதுவும் லாபம். இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் தவமணியை வெட்டி எடுத்துவிட்டுத் தன்னைப் போட்டார். 'பினாங்கைச் சேர்ந்த கதிர்காமநாதன், காலஞ்சென்ற விஸ்வலிங்கம், ஞானாம்பிகை தம்பதிகளின் அன்பு மகனும், தவமணியின் அன்புக் கணவரும் ஆவார்' என்று முறைப்படி எழுதினார். மறைந்த தேதிக்கு நேரே மட்டும் மூன்று புள்ளி வைத்தார். அவ்வளவு பயம் போதும் என்று நினைத்தார்.

தவமணி திரைக்கு அருகில் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு, "என்னை வெட்டிப் போட்டுட்டு என்ர கைய மட்டும் வச்சிருக்கிறீங்கள்" என்றாள்.

"கை வரலையம்மா. உடும்புப் பிடி."

"எடுத்துப் போடுங்கோ லா. பாக்க நல்லா இல்ல."

எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அறிவித்தலும் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் பக்கங்கள் அறுபதைத் தாண்டின. தொழில் வளர்கிறபோது தன் பிணத்தை யார் அப்புறப்படுத்துவார்கள்?

நாற்பத்தாறு.

மாலை ஐந்தேமுக்கால். நவம்பர் மழை தகரக் கூரையில் உளுந்து கொட்டுவதுபோல விழுந்துகொண்டிருந்தது. அறையில் ஈரச் சுவரின் வாடையும், கீழே யூசுப் பற்றவைத்த சாம்பிராணியும், சூடேறிய திரையிலிருந்து கிளம்பும் பிளாஸ்டிக் நெடியும் கலந்து கிடந்தன. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து திறந்தார். காலையிலிருந்தே இப்படித்தான், எறும்பு புகுந்த வேட்டி கட்டியவர்போல ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை பேர் வந்தால் யாராவது தளத்தின் வருகைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருப்பார்களே என்று அதைத் திறந்தார்.

இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்த ஏட்டில் தமிழில் எழுத வழியே இல்லை. எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் அனுதாபப்படுவார்கள். இவை தமிழில் இருந்தன.

'தம்பி, எங்களை நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். நன்றி. ஸ்ரீஸ்கந்தராஜா.'

'தவமணியை நாங்களே கூட்டி வருகிறோம். ஆறரை ஃபெர்ரி. கனகேஸ்வரி.'

ஸ்ரீஸ்கந்தராஜா பன்னிரண்டாம் பக்கம். மார்ச் மாதம் இதய நோயில் போனவர். கனகேஸ்வரி முப்பதாம் பக்கம். படத்தில் அந்த அம்மாளின் தோளிலிருந்த கையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்ததுகூடக் கதிர்காமநாதனுக்கு நினைவிருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள். அவர் செய்ததைவிடவா கேவலமான விளையாட்டு? சிரித்துப் பார்த்தார். மாதிரிப் பக்கத்தைத் திறந்தார்.

படம் இறங்கியது. தலைமுடி, நெற்றி, அசட்டுச் சிரிப்பு. தோளில் தவமணியின் கை, சிவப்புக்கல் மோதிரத்தோடு. அதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. பிறகு பெயர். பிறகு தேதி.

மூன்று புள்ளிகள் இல்லை. 19.11.1998 என்றிருந்தது. சுவரில் காலண்டரைப் பார்த்தார். வியாழன், பத்தொன்பது.

படம் இன்னும் முடியவில்லை. கடைசி வரி மெல்ல இறங்கியது.

'காலஞ்சென்ற தவமணியின் அன்புக் கணவரும் ஆவார்.'

அந்த ஒரு சொல்லை அவர் அடிக்கவில்லை. அறுபது பக்கத்தில் எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறார். இதை அடிக்கவில்லை.

இணைப்பைத் துண்டித்துத் தொலைபேசியை எடுத்தார். மோடத்துக்கும் அதற்கும் ஒரே லைன்தான். ஒன்று பேசினால் மற்றது ஊமை. தவமணி கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஓர் ஆபீசில் கிளார்க். சந்திரிகா என்ற பெண் எடுத்தாள்.

"அக்கா அஞ்சுக்கே கிளம்பிட்டாங்க சார். பஸ் பிடிச்சு ஃபெர்ரி ஜெட்டிக்குப் போறேன்னாங்க. ஏன், ஏதும் அவசரமா?"

"இல்லம்மா. குடை கொண்டு போனாளான்னு கேட்டேன்."

வைத்துவிட்டு நின்றார். ஐந்து ஐம்பத்தெட்டு. அவள் ஜெட்டியிலிருந்து பொதுத் தொலைபேசியில் அழைக்கக்கூடும். மழை நாளில் அழைப்பாள். லைனைச் சும்மா விட வேண்டும். ஆனால் அந்தச் சொல் அங்கே இருக்கிறது. உலகம் முழுக்கத் தெரிகிற இடத்தில், அவருடைய தளத்தில், அவர் மனைவி பெயருக்கு முன்னால். போட்டவன் எடுக்க முடியாதா? பழைய படம் கணினி வட்டில் பத்திரமாக இருந்தது. மேலே ஏற்றினால் தீர்ந்தது. மழை நாளில் பத்து நிமிடம். பத்தே நிமிடம்.

மோடம் கீச்சிட்டுக் கத்தி, ஊர் நாய்களெல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிடுவதுபோல இழுத்து, அடங்கியது.

இருபது சதவீதம். இடி. அறுந்தது. மறுபடி. முப்பத்தைந்து. அறுந்தது. மறுபடி. ஒவ்வொரு தடவை அறும்போதும் ரிசீவரைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கை மோடத்துக்குத்தான் போனது.

தொண்ணூறு. நூறு. மணி ஆறு ஐம்பது.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். யூசுப் பாதிப் படியில் நின்று தலையை மட்டும் நீட்டினான்.

"அண்ணே, என்ன லைன் எந்நேரமும் எங்கேஜு? அக்கா அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு என் கடைக்கு அடிச்சாங்க."

"எப்ப?"

"ஆறே கால் இருக்கும். ஜெட்டில நிக்கிறாங்களாம். காத்து பலமா இருக்கு, ஃபெர்ரி ஏறவா, பாலத்து பஸ்ல சுத்தி வரவா, அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுன்னாங்க. நீங்க கஸ்டமரோட பேசிட்டிருக்கீங்கன்னு நெனச்சேன் லா. நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"ஃபெர்ரிதான் பக்கம், ஏறி வாங்கக்கான்னு." அவர் முகத்தைப் பார்த்து அவன் குரல் இறங்கியது. "ஏண்ணே? இருபது நிமிஷம்தானே. வந்துருவாங்க."

அவன் இறங்கிப் போனான். ஷட்டர் இழுபடும் சத்தம். பூட்டு. மோட்டார் சைக்கிள் மழைக்குள் கரைந்தது.

ஜெட்டிக்கு ஓட வேண்டும். செருப்பைத் தேடிக் குனிந்தார். நிமிர்ந்தபோது திரையில் மாதிரிப் பக்கம் தானாகவே திறந்திருந்தது.

படம் இறங்கியது.

தலைமுடி. நெற்றி. சிரிக்காத வாய்.

தோள்.

தோளில் கை இல்லை.

கை இருந்த இடத்தில் கோட்டுத் துணி நான்கு விரல் அகலத்துக்குக் கசங்கியிருந்தது. அவர் செருப்பைக் கீழே விட்டார். அப்படியே நாற்காலியில் அமர்ந்தார்.

சாம்பிராணி வாடை போயிருந்தது. அறையில் உப்பு. டீசல். ஜெட்டித் தூண்களில் படியும் பாசி.

கீழே ஷட்டர் திறக்கவில்லை. படி முனகவில்லை.

தவமணி வேலை முடிந்து வந்தால் எதுவும் பேசமாட்டாள். பின்னால் வந்து தோளில் இரண்டு முறை தட்டுவாள். வந்துவிட்டேன், தேத்தண்ணி போடவா என்று அதற்கு அர்த்தம். இருபத்தாறு வருடம்.

இடது தோளில் சட்டை குளிர்ந்தது. நனைந்தது. ஒரு துளி மார்பில் இறங்கியது.

தட்டு.

தட்டு.

"தவம்," என்றார். திரும்பவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினார்.

நான்கு விரல்கள். சிவப்புக்கல் மோதிரம். நகக்கண்களில் மணல். கை அவர் தோளை இறுகப் பற்றியிருந்தது. மணிக்கட்டு வரைக்கும் இருந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. அவர் வெட்டிய இடத்தில், அவர் வெட்டிய அதே நேர்க்கோட்டில் முடிந்து, கடல் நீரை அவர் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.