எழுந்துட்டேம்மா

வாய் பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான். காலையில் அடுப்பைப் பற்றவைத்தபடியே, மாடிப்பக்கம் திரும்பி, "டேய், எழுந்துட்டியா?" என்று குரல் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் மகன் போன மழைக்காலத்துக் காய்ச்சலில் செத்துப்போனது நினைவுக்கு வந்தது.

"எழுந்துட்டேம்மா" என்று மாடியிலிருந்து பதில் வந்தது.

அவன் இந்த வீட்டில் கால்வைத்ததே இல்லை. அவன் மாடியும் கீழுமாய் ஓடி விளையாடிய வாடகை வீட்டின் சுவர்களைப் பார்க்கச் சகிக்காமல், அவன் போன பிறகு வாங்கிய வீடு இது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்த கணவன், மறுநாள் தன் காதாலேயே கேட்டபோது சிரிக்கவில்லை.

யார் பெற்ற பிள்ளை இது? இங்கே எந்தக் குழந்தை செத்தது? பதிவு அலுவலகத்தில் நாயாய் அலைந்து பழைய பத்திர நகல்களை வாங்கிப் பார்த்தால், வீட்டை வாங்கிய எவரும் இங்கே நிலைக்கவில்லை. உயிரோடு கிடைத்தவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர்.

"அந்த வீட்ல யாருமே சாகலம்மா," என்றார் அவர். "வாங்கினவங்கதான் யாரையாவது பறிகொடுத்துட்டு வந்தவங்க. எனக்கு என் வீட்டுக்காரி. எனக்கு முன்னாடி இருந்த வாத்தியாருக்கு அவர் தம்பி. கூப்பிட்டா பதில் வரும். வந்துட்டுப் போகட்டும். கீழ மட்டும் வரச் சொல்லிடாதீங்க."

"நீங்க சொன்னீங்களா?"

அவர் தலை குனிந்துகொண்டார். "குரல் மட்டும்தாம்மா அவளோடது."

அன்று மாலையே சாமான்களை வேனில் ஏற்றினார்கள். கடைசிப் பையை எடுக்க அவள் மட்டும் உள்ளே போனாள். அடைத்த ஜன்னல்களின் வெக்கையும், நகர்த்திய பீரோவுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய பழைய தூசியும் தொண்டையைக் கமறவைத்தன. அப்போது, பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடக்கும் அந்த நடை, அவனுடைய அதே நடை, மாடி நெடுகிலும் வந்து படிக்கட்டின் உச்சியில் நின்றது.

"விட்டுட்டுப் போறியாம்மா?"

பல் டாக்டர் சொன்னது மறக்கவில்லை. அது அவனில்லை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? பெற்ற மனம் பித்து.

"வாடா கண்ணா. கீழ வா."

ஒரு படி. இன்னொரு படி. வெளியே கணவன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

கடைசிப் படியில் வந்து நின்றது. அவன் உயரம். அவன் ஒல்லிக் கைகள். கழுத்துக்கு மேலே, உருட்டி வைத்த மாவு மாதிரி வழவழவென்று, ஒன்றுமே இல்லை.

"என் மூஞ்சி எப்படிம்மா இருக்கும்? சொல்லேன்."

ஓடியிருக்கலாம். வாசல் திறந்துதான் கிடந்தது. அவள் மண்டியிட்டு, அந்த வழவழப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"கண்ணு பெருசா இருக்கும்டா," என்றாள் அழுதுகொண்டே. "இடது புருவத்துல, சைக்கிள்லேர்ந்து விழுந்த தழும்பு..."

அவளுடைய கட்டைவிரலுக்கு அடியில் தோல் மெல்லப் பிளந்து, பெரிய கண் ஒன்று திறந்தது.

"ம். அப்புறம்?" என்றது.