பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் கடைசி அத்தியாயம்

செவ்வாய்க்கிழமை காலை 9.10.

பிலிப்பா லாங்மோர் சமையலறை மேசைமேல் இருந்த பிஸ்கட் டப்பாவைத் தூக்கினாள். அடியில் ஒன்றுமில்லை. டப்பாவை வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் தன் புது நாவலின் கடைசி அத்தியாயத்தை அங்கேதான் வைத்திருந்தாள். மற்ற அத்தியாயங்களைக் கணினியில் தட்டுவாள். கடைசியை மட்டும் பேனாவால் எழுதினால்தான் அவளுக்கு ஓடும். நகல் கிடையாது.

பிலிப்பாவின் புத்தகம் இல்லாத கைப்பையை இங்கிலாந்து ரயில்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேக் கடைப் பெண், சிடுமூஞ்சி மாட்டு டாக்டர், நடுவில் ஏகப்பட்ட குழப்பம், கடைசியில் கல்யாணம். படிக்கிற பெண்கள் சிரித்துச் சிரித்து இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விடுவார்கள். இந்த நாவலின் நாயகி கானி ஏற்கெனவே கல்யாணமானவள். முதலில் எழுதிய முடிவில் அவளும் கப்பல் கேப்டனான கணவன் டெஸ்மண்டும் சமாதானமாகி, சர்ச்சில் மறுபடி மோதிரம் மாற்றிக்கொள்வார்கள். புது முடிவில் கானி பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

அந்தப் புது முடிவுதான் காணாமல் போயிருந்தது.

அடுத்த வீட்டு மொரீன் ஆப்லெட் ஒரு காலத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்றபின் ரோஜாச் செடிகளை அதட்டிக்கொண்டிருந்தாள். பிலிப்பாவின் குரலைப் போனில் கேட்டதும் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஆர்ச்சர்ட் லேன் சோம்பிக் கிடந்தது. திங்கட்கிழமை அரசாங்க விடுமுறை வந்துவிட்டால் எங்கள் ஊரில் அந்த வாரம் முழுக்க ஒரு நாள் தள்ளித்தான் நடக்கும்: குப்பை வண்டி, தோட்டக்காரர், மனிதர்களின் சுறுசுறுப்பு எல்லாம். பிலிப்பா வீட்டு வாசலில் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்ற கறுப்புக் குப்பைத் தொட்டியில் மொரீன் இடுப்பை இடித்துக்கொண்டாள். திட்டியபடியே உள்ளே போனாள்.

பிலிப்பா ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கெட்டிலைப் போட்டாள். அது கொதித்து அணைந்ததும் டீ போடாமல் மறுபடி அதையே போட்டாள்.

"உக்காரு," என்றாள் மொரீன்.

"முடியல. என் எடிட்டர் டாவினா பன்னிரண்டே கால் ரயில்ல லண்டன் போறா. அத்தியாயம் அவ கையில போகலன்னா பழைய முடிவையே அச்சுல ஏத்திடுவாங்க."

"மறுபடி எழுதேன். உன் தலைக்குள்ளதானே இருக்கு?"

பிலிப்பா நின்றாள். "அத எழுத எனக்கு ஒரே ஒரு தடவைதான் தைரியம் வந்துச்சு, மொரீன். மறுபடி வராது."

நாவலுக்கு எதற்குத் தைரியம் என்று மொரீன் கேட்கவில்லை. மனதில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

"கடைசியா எப்ப பாத்த?"

"எட்டு மணிக்கு. நாயைக் கூட்டிட்டு கொல்லைப்பக்கமா வயலுக்குப் போறப்போ டப்பாவுக்கு அடியில இருந்துச்சு. ஒம்பதுக்கு அதே வழியாத்தான் திரும்பி வந்தேன்."

அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த பதிப்பாசிரியை டாவினா, தட்டச்சு செய்ய வந்த ஹேசல், கணவன் ரூபர்ட். மூவரும் பைகளைக் கவிழ்த்துக் காட்டியாயிற்று. வீட்டையும் தலைகீழாகப் புரட்டியாயிற்று. ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை.

9.50. டாவினா முதலில் வந்தாள். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கை போனை விடவில்லை.

"எங்க இருந்தீங்க?"

"குளிச்சிட்டிருந்தேன். இந்த வீட்டுல சுடுதண்ணி வர்றதுக்குள்ள ஒரு புக்கே முடிச்சிடலாம்."

"புது முடிவு உங்களுக்குப் பிடிக்கலையாமே?"

"பிடிக்கல. ஒளிவு மறைவே இல்ல. பிலிப்பாவோட புக்கை வாங்குறவங்க சந்தோஷமாத் தூங்குறதுக்கு வாங்குறாங்க. புருஷனை விட்டுட்டுப் போறதப் படிச்சிட்டு யாரு தூங்குவா? ஆனா நான் திருட மாட்டேன். ரயில் ஏறுற வரைக்கும் கெஞ்சுவேன். அதுதான் என் பொழப்பு."

அடுத்தது ஹேசல். மூக்கு சிவந்திருந்தது. பிலிப்பாவின் அத்தனை நாவல்களின் கடைசி அத்தியாயங்களையும் தட்டியவள் அவள்தான். எல்லாக் கல்யாணத்துக்கும் அழுதவள்.

"கானி போகக் கூடாதுன்னு நேத்து போன்ல சண்டை போட்டேங்க. அதுக்காக நான் எடுத்துருவேனா?"

"எப்ப வந்தீங்க?"

"எட்டரைக்கு. டீ போட்டுக்கிட்டு, டப்பாவத் திறந்து ரெண்டு பிஸ்கட் எடுத்துக்கிட்டு மாடி அறைக்குப் போயிட்டேன்."

"டப்பாவுக்கு அடியில தாள் இருந்துச்சா?"

ஹேசல் கண்ணை மூடி யோசித்தாள். "இல்லங்க. மூடியத் திறக்கறப்போ டப்பா ஆடல. மேசையோட ஒட்டித்தான் நின்னுச்சு."

அப்படியானால் எட்டரைக்கு முன்பே யாரோ எடுத்துவிட்டார்கள். ஹேசல் சொல்வது உண்மையாக இருந்தால்.

கடைசியாக ரூபர்ட் வந்தான். ஓய்வு பெற்ற வக்கீல், அழகாகச் சீவிய வெள்ளை முடி. மனைவி தவிப்பதைப் பார்த்து அவன் முகத்திலும் கவலை இருந்தது. ஆனாலும் உட்கார்ந்ததும் கோப்பைக்காகக் கையை நீட்டினான். பிலிப்பா பழக்கதோஷத்தில் டீயை ஊற்றி அந்தக் கையில் வைத்தாள்.

"பாவம் பிப்." மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? அந்தப் பொம்பளைங்க கதையெல்லாம் நான் தொட்டதே இல்ல. ஊருக்கே தெரியும்."

"எட்டுலேர்ந்து எட்டரை வரைக்கும்?"

"மேல ஷேவ் பண்ணிட்டிருந்தேன்."

"கீழ யாராவது நடமாடுற சத்தம்?"

"எங்க கேக்குறது? குப்பை வண்டி வாசல்ல நின்னு கடகடன்னு உயிரை எடுத்துட்டிருந்துச்சு. செவ்வாய்க்கிழமைன்னாலே காது போச்சு. பேண்டு வாத்தியம் வாசிச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

மொரீன் தலையாட்டினாள். எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

11.20. டாவினா டாக்சிக்குச் சொல்லிவிட்டாள். பிலிப்பா நடப்பதை நிறுத்தியிருந்தாள். மேசையில் வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவைத்து உட்கார்ந்திருந்தாள். பேனா நகரவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எல்லாரும் வாசலுக்கு வாங்க," என்றாள் மொரீன்.

வந்தார்கள். ரூபர்ட் கோப்பையோடு வந்தான்.

"இந்தத் தெருவுல எத்தன குப்பைத் தொட்டி வெளிய நிக்குது?"

ஹேசல் இரண்டு பக்கமும் பார்த்தாள். "இது ஒண்ணுதாங்க."

"ஒண்ணுதான். ஏன்னா நேத்து விடுமுறை. வண்டி நாளைக்குத்தான் வரும். தெருவே இன்னிக்கு சாயங்காலம்தான் தொட்டியைத் தள்ளும். பிலிப்பா, நீ ஏன் ஒரு நாள் முந்தியே வெச்ச?"

"நான் வைக்கல." பிலிப்பா தொட்டியை இப்போதுதான் பார்த்தாள். "எனக்குத் தெரியாதா? அதுவும் இது நீலத் தொட்டிய எடுக்குற வாரம். கறுப்பை அடுத்த வாரம்தான் எடுப்பாங்க."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இந்தத் தெருவுல நாய்க்குக்கூடத் தெரியும். தெரியாதவங்க ஒரே ஒருத்தர்." மொரீன் திரும்பினாள். "வராத வண்டியோட சத்தத்தைக் காலையில கேட்டவரு. உங்களுக்குக் கேக்கல, ரூபர்ட். வந்திருக்கும்னு நெனச்சீங்க. வந்து தூக்கிட்டுப் போயிருக்கும்னு நம்புனீங்க."

ரூபர்ட் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"டாவினா விருந்தாளி, அவங்களுக்கும் இந்த ஊர் வழக்கம் தெரியாதே?" என்றாள் ஹேசல்.

"தெரியாதுதான். ஆனா வண்டி வந்துச்சுன்னு அவங்க சொல்லலையே? சொன்னது இவரு. அவங்க குளிச்சிட்டிருக்கப்போ, பிலிப்பா கொல்லைப்பக்கம் போனதும் இவரு கீழ வந்தாரு. நீங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிட்டு மேல போயிட்டாரு."

மொரீன் தொட்டியைச் சாய்த்து உள்ளே கையை விட்டாள். அடியில், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சுருட்டியபடி, பச்சை மையில் எழுதிய தாள்கள். ஓரத்தில் டீத்தூள் கறை, மேல்தாளில் கொஞ்சம் மார்மலேட் ஜாம். ஒரு எழுத்துகூட அழியவில்லை.

பிலிப்பா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மார்மலேட் சட்டையில் ஒட்டியது. அவள் கவனிக்கவில்லை.

"வெறும் கதைதானே, பிப்," என்றான் ரூபர்ட். குரலில் வக்கீல் இல்லை. "பிஸ்கட் எடுக்கலாம்னு வந்தேன். டப்பாவத் தூக்குனேன், படிச்சிட்டேன். ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும். ஒரு வேலை செய்யத் தெரியாதவன், பொண்டாட்டி அழுதாலும் பேப்பர்லேர்ந்து கண்ண எடுக்காதவன்... எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"கதையில அவன் பேரு டெஸ்மண்ட். கப்பல் கேப்டன்," என்றாள் மொரீன். "உங்க பேரும் இல்ல, உங்க வேலையும் இல்ல. நீங்கதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவன் கோப்பையில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தான்.

பிலிப்பா அவனை நேராகப் பார்த்தாள். கோபம்கூட அதிகம் இல்லை. "முப்பது வருஷத்துல என் எழுத்தை நீ படிச்சது இதுதான் முதல் தடவை," என்றாள். "சரியாத்தான் படிச்சிருக்க."

டாக்சி வந்து நின்றது. டாவினா தாள்களுக்காகக் கையை நீட்டினாள். பிலிப்பா கொடுக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் பொறு. நானே எடுத்துட்டு வர்றேன்."

உள்ளே போனவள் நாயோடும் பெட்டியோடும் வந்தாள். பெட்டி ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த பெட்டி. ஹேசல் அழுதாள், எந்தக் கல்யாணத்துக்கும் அப்படி அழுததில்லை. டாவினா முடிவை மாற்றச் சொல்லி அதற்குமேல் கெஞ்சவில்லை. டாக்சியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் குப்பை வண்டி வந்தது. தெரு முழுக்க நீலத் தொட்டிகள் நின்றன. வண்டி கடைசி வீட்டை நெருங்கும்போது ரூபர்ட் இரவு உடையோடு தொட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

கறுப்புத் தொட்டி. வண்டிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார்கள்.