ஐந்தாவது தழை

சாலவாக்கத்திலிருந்து தெற்கே போகிற ரோட்டில், காப்புக்காட்டுக் கேட்டுக்கு எதிரே, காலை ஒன்பதரை மணிக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே திலகா அங்கே காத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அவள் வேலை. பச்சைத் தொப்பி, விசில், பேர் எழுதும் நோட்டு, அவ்வளவுதான் சாமான். மற்ற நாளில் நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. காட்டுக்குள் கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துவிடுவாள் என்று ஊரில் சொல்வார்கள். அதில் அவளுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் இன்றைக்கு அவள் தொப்பியை மூன்று தடவை சரிசெய்துகொண்டாள். வேனிலிருந்து முதலில் இறங்கியவள் அவள் மகள் தேவகி. ஏனாத்தூர் ஹாஸ்டலில் தங்கி, தாவரவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அம்மா வேலை செய்கிற இடத்துக்கு அவள் சிநேகிதர்களைக் கூட்டிவருவது இதுதான் முதல் தடவை.

"ம்மா, இது கல்பனா, இது வசந்த்குமார். வண்டி ஓட்டிக்கினு வந்தவன் கோபால். இவன்கிட்டதான் லைசென்ஸ் கீது."

கோபால் நெட்டையன். இறங்கும்போதே வயிற்றைத் தடவிக்கொண்டு, "எப்பக்கா திரும்புவோம்? நாஷ்டாகூட துண்ணாம இட்டுக்கினு வந்துட்டாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். திலகாவுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

அவர்கள் வந்தது மரக் கணக்கு எடுக்க. கடற்கரையை ஒட்டி வளர்கிற பாலை, வீரை, காசான் எல்லாம் கடலுக்கு இவ்வளவு தூரம் தள்ளி இந்தக் காட்டில் எப்படி அடர்ந்து கிடக்கின்றன என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். திலகாவுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மத்தியானமானால் கடல் காற்று இந்தக் காடு வரைக்கும் வரும். காற்று வருகிற இடத்துக்கு மரமும் வரும்.

கேட்டைத் தாண்டியதும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் இடுப்பளவு குவியலாகக் காய்ந்த தழை கிடந்தது. அடியில் ஒரு கல். அதற்குத் தழைக்காரி என்று பேர். காட்டுக்குள் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு காசான் கொத்தை ஒடித்து, தன் பேரைச் சொல்லி அதன்மேல் போட வேண்டும். திரும்பி வரும்போது பேரைச் சொல்லி ஒரு கொத்தை எடுத்து ரோட்டில் எறிந்துவிட்டுப் போக வேண்டும். விறகுக்குப் போகிற பெண்கள், ஆடு ஓட்டுகிறவர்கள் யாரும் இதைத் தவற விட்டதில்லை.

டவுன் ஆட்கள் வந்தால் ஒடிக்கத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொள்வார்கள். அதனால் திலகா ஒரு சுருக்குவழி வைத்திருந்தாள். நோட்டில் எத்தனை பேரோ அத்தனை கொத்தை முன்னாடியே ஒடித்து வைத்துக்கொண்டு, அவளே பேர் சொல்லிப் போட்டுவிடுவாள்.

"தேவகி. கல்பனா. வசந்த்குமார். கோபால். திலகா." ஐந்து கொத்து விழுந்தது.

"உங்கம்மா தழைக்காரிக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்கடி" என்று கல்பனா கிசுகிசுத்தாள்.

நாற்பது அடி போயிருக்க மாட்டார்கள், கோபாலின் செருப்பு வார் அறுந்துவிட்டது. பாதையெல்லாம் சூரை முள்.

"நான் வண்டில படுத்துக்கினு கீறேன். நீங்க போய்ட்டு வாங்க" என்று அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டியபடி திரும்பிப் போனான்.

அவன் பேரில் போட்ட கொத்தை எடுத்துவிட வேண்டும் என்று திலகாவுக்கு அப்போதே தோன்றியது. நாற்பது அடிதான். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சோம்பலுக்குச் சாக்கா பஞ்சம்.

அரை மணி நேரம் கழித்துப் பின்னால் சருகுச் சத்தம் கேட்டது. கோபால் வந்துகொண்டிருந்தான்.

"வார நாருல கட்டிக்கினு வந்துட்டேன்" என்று காலைத் தூக்கிக் காட்டினான். செருப்பு வாரில் பச்சை நார் சுற்றியிருந்தது.

"வேலக்காரன்டா நீ" என்றான் வசந்த்குமார். அதோடு அதை மறந்துவிட்டார்கள். கோபால் கடைசி ஆளாக, சத்தம் போடாமல் நடந்து வந்தான்.

உச்சி வேளைக்குக் காட்டின் நடுவில் இருக்கும் பெரிய புற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். மேடான இடம், போனில் கொஞ்சம் டவர் கிடைக்கும். தேவகி தன் நீலத் தண்ணீர் பாட்டிலைப் புற்றின்மேல் வைத்துவிட்டு நோட்டில் எழுத உட்கார்ந்தாள். பிள்ளைகளின் பேண்ட்டில் முழங்கால்வரை ஒட்டுப்புல். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

காட்டில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. இந்நேரத்துக்குக் கடல் காற்று வந்திருக்க வேண்டும் என்று திலகா நினைத்தாள். ஓர் இலை அசையவில்லை. ஈரத் துணியைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் வருமே, அந்த வாடை எங்கிருந்தோ வந்தது.

தேவகியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"டேய், பக்கத்துலயே உக்காந்துக்கினு எதுக்குடா போன் பண்ற?" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க கீறீங்க? பசி உயிர் போவுது. திலகாக்காவ கேளு, எப்ப திரும்புவீங்க?"

கோபாலின் குரல். பின்னணியில் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பத்தடி தள்ளிப் பாலை மரத்தடியில் கோபால் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் முழங்கால்மேல் இருந்தன. கையில் போன் இல்லை.

அவன் பேண்ட்டில் ஓர் ஒட்டுப்புல்கூட இல்லை.

"யாரு போன்ல?" என்று அவன் கேட்டான்.

மகள் அங்கே இருந்தாள். பயந்து உட்காரத் திலகாவுக்கு நேரமில்லை. போனைப் பிடுங்கி, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள்.

"கோபாலு, வண்டிய விட்டு இறங்காத. கண்ணாடிய ஏத்திக்க. யாரு கூப்ட்டாலும் இறங்காதப்பா."

"இன்னாக்கா ஆச்சு..." என்பதற்குள் டவர் போய்விட்டது.

"எழுந்திருங்க" என்று பிள்ளைகளிடம் மெதுவாகச் சொன்னாள். "கையக் கோத்துக்கோங்க. பின்னாடி திரும்பாதீங்க. அவன் பேர மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

நடந்தார்கள். பின்னால் ஒரே சீராகச் செருப்புச் சத்தம் வந்தது.

திலகாவுக்குத் தெரியாத பாதையா? வீரை மரக் கூட்டம், வறண்ட ஓடை, இடது கைப் பக்கம் திரும்பினால் கேட். இருபது நிமிஷம். வீரை மரங்கள் வந்தன. ஓடை வந்தது. இடது பக்கம் திரும்பினார்கள்.

எதிரே புற்று நின்றது. அதன்மேல் நீல பாட்டில்.

கல்பனா அழத் தொடங்கினாள். தேவகி பாட்டிலை எடுக்கக் கை நீட்டினாள்.

"தொடாத. அடையாளமா இருக்கட்டும்."

இரண்டாவது தடவை வலது பக்கம் திரும்பினார்கள். புற்று. மூன்றாவது தடவை பாதையையே விட்டுவிட்டு, வெயில் சாய்கிற பக்கமாக முள்ளில் புகுந்து போனார்கள். கையெல்லாம் கிழிந்தது. வசந்த்குமாரின் சட்டை நாராய்த் தொங்கியது. வெளியே வந்தால் அதே புற்று, அதே பாட்டில். மணி மூன்று.

"ம்மா" என்றாள் தேவகி. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் கூப்பிடுகிற அதே குரல். "நாம வூட்டுக்குப் போவோமா?"

அந்தக் குரல்தான் திலகாவை உடைத்தது. அவள் யோசித்தாள். ஐந்து பேர் சொல்லி ஐந்து கொத்துப் போட்டோம். காடு ஐந்து பேருக்கு வழி வைத்திருக்கிறது. நாம் நாலு பேராகப் போகப் பார்க்கிறோம், அதனால்தான் விட மாட்டேன் என்கிறது. பின்னால் வருகிற அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டால் விடும். வாசல்வரைக்கும் போய்விட்டால் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், காடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"கோபாலு! நீ முன்னாடி வா!"

செருப்புச் சத்தம் அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. அவன் திரும்பி எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். பிறகு நடந்தான்.

பத்தே நிமிஷம். மரங்களுக்கு நடுவே கேட் தெரிந்தது. அவன் கடைசிப் பாலை மரத்தடியில் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழி விட்டான். ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டினார்கள். அந்த ஈரத் துணி வாடை அவனிடமிருந்துதான் வந்தது.

திலகா குவியலிலிருந்து கொத்துகளை எடுத்தாள். "தேவகி. கல்பனா. வசந்த்குமார். திலகா." நான்கையும் ரோட்டில் எறிந்தாள். ஐந்தாவதைத் தொடவில்லை.

"உன்னுது உள்ளயே கெடக்கட்டும்" என்று மரத்தடியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினாள். மரத்தடியில் யாரும் இல்லை.

ரோட்டில் கடல் காற்று ஜிலுஜிலுவென்று வீசிக்கொண்டிருந்தது. வேனில் டிரைவர் சீட்டில் கோபால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைக் கண்டதும் வசந்த்குமார் கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுதான், சிரித்தான். கோபால் கதவைத் திறந்தான்.

"வாங்க, போலாம்" என்றான்.

கல்பனா பையிலிருந்த எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான், பிரிக்கவில்லை.

"நான் வூட்லயே இருந்துட்டுக் காலைல போறேம்மா" என்று தேவகி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். இந்தக் காட்டுப் பக்கமே நீ நிக்க வேணாம். ஹாஸ்டலுக்குப் போ. போய் எறங்கினதும் போன் பண்ணு." திலகாவே அவளை வேனுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினாள். வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. பெற்ற பிள்ளையைப் பிழைக்க வைத்துவிட்டோம் என்று அவள் அப்படியே ரோட்டோரமாக உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

கேட்டைப் பூட்டி, சாவியை பாரஸ்ட் கார்டு வீட்டில் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எழுந்தாள்.

வேன் நின்ற இடத்தில் ஒரு செருப்பு கிடந்தது. வார் அறுந்த செருப்பு.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேன் கிளம்பும்போது பெடலை மிதித்த கால் அவள் கண்முன் வந்தது. காலில் செருப்பு இருந்தது. வாரில் பச்சை நார் இருந்தது.

போன் அடித்தது. காலையில் தேவகி பேசிய கோபால் நம்பர்.

"அக்கா, எங்க கீறீங்க?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீங்கதான கூப்ட்டீங்க, கோபாலு முன்னாடி வான்னு. உங்க குரலேதான். அதான் செருப்பக்கூடப் போடாம ஓடி வந்தேன். வழி தெரிலக்கா. சுத்திச் சுத்திப் புத்துகிட்டயே வந்து நிக்கறேன். எப்பக்கா திரும்புவோம்?"

திலகாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கொத்தைக் கோபால் பேர் சொல்லித்தான் போட்டாள். உள்ளேயே கிடக்கட்டும் என்று சாத்தியது கோபாலைத்தான். வெளியே அனுப்பியது, அவள் வாயால் பேர் கொடுத்துக் கூப்பிட்ட அதை.

மகளுக்குப் போன் போட்டாள். நான்கு ரிங் போய்த் தேவகி எடுத்தாள். மெதுவாகப் பேசினாள்.

"ம்மா. ரொம்ப நேரமா ஓட்டிக்கினே கீறான். சாலவாக்கமே வரலம்மா. கேட்டா பேச மாட்டேங்கறான்."

"எறங்குடி! வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்குங்க!"

"கதவு தொறக்கலம்மா." அவள் விசும்பினாள். "ரோட்டோரமா ஒரு புத்து வந்து வந்து போவுது. அதும்மேல என் பாட்டில் கீதும்மா."

போன் நின்றுவிட்டது.

திலகா கேட்டைத் தள்ளிக்கொண்டு தழைக்காரியிடம் ஓடினாள். ஐந்தாவதை எடுத்துவிட்டால் அந்தப் பையனாவது வருவான், அவனை வைத்து ஏதாவது செய்யலாம் என்று குனிந்தாள். குவியலின்மேல் ஐந்து கொத்து கிடந்தன. ஐந்திலும் அப்போதுதான் ஒடித்ததுபோலக் காம்பில் பால் கசிந்துகொண்டிருந்தது. காசானில் பால் வராது. திரும்பி ரோட்டைப் பார்த்தாள். அவள் எறிந்த நான்கில் ஒன்றுகூட அங்கே இல்லை.

பேர் சொல்லி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை, கல்லில் வேர் பிடித்தாற்போல நின்றன.

உள்ளே, தூரத்தில், வேன் ஹாரன் கேட்டது. அது ரோட்டுப் பக்கமிருந்து வரவில்லை, புற்று இருக்கும் பக்கமிருந்து வந்தது. ஹாரனுக்கு ஊடே தேவகி கூப்பிட்டாள், காய்ச்சல்காரக் குழந்தை கூப்பிடுகிற மாதிரி.

கூப்பிடுவது மகளா, அதுவா என்று திலகாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. தொப்பியைக் கழற்றிக் குவியல்மேல் வைத்தாள். தழை ஒடிக்க வேண்டிய வேலையும் இல்லை, அவள் பேருக்கு ஒன்று ஏற்கெனவே அங்கே பச்சையாகக் கிடந்தது.

"தோ வரேன்டி" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் கேட் சாத்திக்கொண்டது. பிறகு ஒரே சீராகச் செருப்புச் சத்தம் கேட்டது.