மாப்பிள்ளையின் வாயிலிகள்

சந்திரப்பேட்டையில் சாப்பிட உட்கார்ந்ததும் யாரும் இலையைப் பார்ப்பதில்லை. முதலில் உடம்போடு பேசுவார்கள். வேதரத்தினம் தன் தொப்பையைக் குனிந்து பார்த்து, "ம், வேணும்" என்பார். உடனே அவருடைய கோடானுகோடி செல்களிலும் சர்க்கரைக்கான வாசல்கள் திறந்துகொள்ளும். அவர் மகள் எழினிக்குப் பாயசம் பிடிக்கும், பருமன் பிடிக்காது. வயிறு முட்டப் பாயசம் குடித்துவிட்டு ஒரே ஒரு முறை "வேண்டாம்" என்பாள். வாசல்கள் பாதி சாத்திக்கொள்ளும். மிஞ்சிய சர்க்கரை சிறுநீரோடு போய்விடும். நிலவில் பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் பல் துலக்குவது மாதிரி.

எல்லாம் வாயிலி செய்கிற வேலை. நம் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. ஆக்சிஜன் யாரையும் கேட்காமல் அதற்குள் நழுவிவிடும். சர்க்கரைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போகச் சவ்வில் ஒரு புரதம் நிற்க வேண்டும். நிலவின் குறைந்த ஈர்ப்பில் அந்தப் புரதங்கள் சோம்பிப் போனதால், அவற்றை வேலை வாங்கக் கண்ணுக்குத் தெரியாத வாயிலிகளைச் சவ்வுகளில் பதித்தார்கள். தொண்டைக்குள் ஒரு கேட்பான் வைத்தார்கள். உடம்புக்குச் சொந்தக்காரர் தன் வாயால் சொன்னால்தான் வாயிலி கேட்கும். ஒவ்வொரு "வேண்டாம்" சொல்லுக்கும் கதவு இன்னும் இறுகும். அதனால் அங்கே விளையாட்டுக்குக்கூட யாரும் அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்வதில்லை. போதுமென்றால் இலைக்கு மேல் கையை நீட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு எழினியின் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை கோவேந்தன் மன்னார்குடிக்காரன், போன வாரம்தான் பூமியிலிருந்து வந்து இறங்கியிருந்தான். இறங்கின இடத்திலேயே வாயிலி பதித்து எல்லாவற்றையும் விளக்கினார்கள். நன்றாகத் தலையாட்டினான். தலையாட்டுவதில் நம் ஆட்களை யார் மிஞ்ச முடியும்?

"வடை இன்னும் ரெண்டு வைக்கிறேன் மாப்பிள்ளை" என்றாள் மாமியார் தெய்வானை.

"ஐயோ, வேண்டாம் அத்தை."

வைத்தாள். தின்றான்.

"சாம்பார்?"

"வேண்டாம், வேண்டாம், இதுவே ஜாஸ்தி."

ஊற்றினாள். பிசைந்து அடித்தான். அப்பளம் வேண்டாம், பொரியல் வேண்டாம், பாயசம் சத்தியமாக வேண்டாம். பரிமாறுகிற பரபரப்பில் அவன் எத்தனை முறை வேண்டாம் என்றான் என்று யாரும் எண்ணவில்லை. இலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மாமியார் வீட்டில் முதல் தடவையிலேயே சரி என்று சொல்கிறவனை மன்னார்குடியில் காணாததைக் கண்டவன் என்பார்கள். பாவம், அவன் மரியாதையாக நடந்துகொண்டிருந்தான். தொண்டைக்குள் இருந்த கேட்பானுக்கு மரியாதை தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் அப்படியே நம்பியது.

கை கழுவ எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். நாக்கு வறண்டது. பந்தியில் கடைசி ஆளாக எழுந்தவன் முகத்தில் பட்டினி கிடந்தவன் களை. எழினி அவனைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, பேட்டையின் மருத்துவ எந்திரமான நலனை வரவழைத்தாள்.

நலன் அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது. "ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிகிறது. செல்களுக்குள் ஒரு துளிகூடப் போகவில்லை. ஒரே சாப்பாட்டில் இத்தனை மறுப்பை நான் கண்டதே இல்லை."

"அதனால என்ன ஆகும்?" என்றார் வேதரத்தினம்.

"செல்லுக்குள் கசிகிற உப்பை வெளியே இறைக்கச் சவ்வில் பம்புகள் உண்டு. அவை ஓட எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. பம்பு நின்றால் உப்பும் தண்ணீரும் உள்ளே புகுந்து செல் வீங்கும். முதலில் மூளை வீங்கும்."

தன் கையால் பரிமாறிய சாப்பாடு இப்படியா முடிய வேண்டும் என்று நினைத்தாள் தெய்வானை.

நலன் குனிந்தது. "ஐயா, நீங்கள் வேண்டும் என்று சொன்னால்தான் என்னால் முடியும். உங்கள் வாயிலிகளை நான் திறக்கட்டுமா?"

கோவேந்தன் கண்ணைத் திறந்தான். எதிரே மாமனார், பக்கத்தில் மாமியார். "பரவாயில்லைங்க... உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான்.

"இது முதல் மறுப்பு" என்றது நலன். "மூன்று முறை மறுத்தால் நான் போய்விட வேண்டும். அப்புறம் யாரும் திறக்கக் கூடாது. சட்டம்."

"என்னங்க, வேணும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று எழினி அழுதாள்.

அவனுக்குப் பாதி நினைவு போயிருந்தது. வளர்ந்த வளர்ப்பு மட்டும் போகவில்லை. "அத்தைக்குத் தொந்தரவு வேண்டாம்" என்று முனகினான்.

"இரண்டாவது மறுப்பு. ஐயா, கடைசியாக..."

"நிறுத்து" என்றாள் தெய்வானை. அவளும் கும்பகோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். வந்த புதிதில் மாமியார் நீட்டிய தோசையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து அடுக்களையில் நின்றபடியே தின்றவள். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "எல்லாரும் வெளியே வாங்க. நம்ம மூஞ்சி எதிர்ல இருக்கிற வரைக்கும் இந்தப் புள்ள வாயத் தொறந்து கேக்காது."

"நோயாளியின் அருகில் இருப்பது என் கடமை" என்றது நலன்.

"கதவுக்குப் பின்னால நின்னு கடமையப் பாரு." அதன் இரும்புத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே எழினி மட்டும். "அம்மாவும் அப்பாவும் போயிட்டாங்க. பசிக்குதா?"

அவன் முதலில் கதவைப் பார்த்தான். நன்றாகச் சாத்தியிருந்தது. பிறகு அவள் காதருகே, "உசுரு போற பசி எழினி. வேணும். எல்லாம் வேணும்" என்றான்.

கேட்பானுக்கு அது போதுமானதாக இருந்தது. வாயிலிகள் திறந்தன. வெளியே காத்துக் கிடந்த சர்க்கரை திமுதிமுவென்று செல்களுக்குள் போயிற்று. பம்புகள் மறுபடி உப்பை இறைக்கத் தொடங்கின. கோவேந்தன் முகத்தில் மெல்லக் களை திரும்பியது. எழினி அழுதுகொண்டே சிரித்தாள். கதவுக்கு வெளியே வேதரத்தினம் "அப்பாடா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தெய்வானை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நிம்மதியாக அவள் அழுது வெகுகாலம் ஆகியிருந்தது.

நலனுக்கு மட்டும் விளங்கவில்லை. "வேண்டியதை ஏன் வேண்டாம் என்றார்?"

தெய்வானை பொறுமையாக விளக்கினாள். கேட்ட உடனே சரி சொன்னால் சாப்பாட்டுக்குப் பறக்கிறவன் என்று நினைப்பார்கள், கொடுக்கிறவர் மனசார வற்புறுத்தட்டும் என்று காத்திருக்க வேண்டும் என்றாள். நலன் எல்லாவற்றையும் உள்வாங்கி, வாயிலிகளுக்கும் சொல்லிக்கொடுத்தது. அன்றிலிருந்து பேட்டையின் வாயிலிகள் எவையும் விருந்தாளியின் வெறும் "வேண்டாம்" என்பதை நம்புவதில்லை. பாடம் அதோடு நிற்கவில்லை என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது.

மாப்பிள்ளையைப் பரிசோதித்துப் போக நலன் வந்திருந்தது. அதன் நெஞ்சில் சிவப்பு விளக்கு படபடத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சார்ஜ் ஏத்திக்கிட்டுப் போயேன் நலா" என்றாள் தெய்வானை.

"ஐயோ, வேண்டாங்க. இப்பத்தான் ஏத்திக்கிட்டு வந்தேன்."

"ஒரு அஞ்சு நிமிஷம்."

"பரவாயில்லைங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்ற நலனின் முழங்கால் மடங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தெய்வானை சின்ன ஒயர் ஒன்றை அதன் காலடியில் வைத்தாள். கணவரையும் மகளையும் மாப்பிள்ளையையும் வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே ப்ளக் மாட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய குரல் ஒன்று, "அந்தப் பெரிய ஒயரையும் வெச்சிட்டுப் போயிருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

எல்லாரும் சிரித்தார்கள். கோவேந்தன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பெரிய ஒயரை எடுத்து வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமல் கதவிடுக்கில் நீட்டினான்.