பேட்டரி மாப்பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை

செல்போன் அலறியது.

பெட்ரோல் மாப்பிள்ளை முதல் மணியிலேயே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. விடிகாலையில் தூங்குகிற எந்த மனுஷன் முதல் மணியில் எடுப்பான்? மூன்றாவது மணி வரை பொறுத்தான். தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டான்.

"ஹலோ..."

"அத்தான்..." மச்சினி. மனைவியின் தங்கை. குரல் உடைந்திருந்தது. "இவர் கண்ணைத் திறக்க மாட்டேங்கிறார் அத்தான். எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திருக்கல..."

ஆஹா!

வயிற்றுக்குள் குளுகுளுவென்று ஏதோ இறங்கியது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டான். போனில் முகம் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மச்சினி மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல பெண். சின்னக் குழந்தை வேறு இருக்கிறது. அந்த இரக்கத்தில் வார்த்தை தானாக வந்தது.

"நீ முதல்ல குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துடும்மா. யாரையாவது விட்டு கராஜ் ஷட்டரைத் தூக்கச் சொல்லு. காத்து நல்லா உள்ளே போகட்டும். நான் இதோ வர்றேன்."

வைத்தான்.

கொலை செய்தவனுக்கும் மனசு உண்டு பாருங்கள்!

மனைவியை எழுப்பிச் சொன்னான். அவள் அலறிக்கொண்டே புடவையைச் சுற்றினாள். இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். வாசலில் நின்றது அவனுடைய கார் அல்ல.

இறந்தவனுடைய கார்!

முழு எலெக்ட்ரிக். வெள்ளை. வழுவழு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் வயிற்றில் யாரோ அடுப்பு பற்றவைப்பார்கள். இன்றைக்கும் பற்றவைத்தார்கள். செத்தவன் கார்மேல் கூடவா என்று கேட்காதீர்கள். பொறாமைக்கு எது நேரம், எது காலம்?

கார் கிளம்பியது தெரியாமல் கிளம்பியது. பக்கத்து இருக்கையில் மனைவி விசும்பினாள். அவன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே யோசித்தான்.

எல்லாம் அந்த மாமனாரால் வந்த வினை.

மாமனாரிடம் நாற்பது வாடகை டாக்ஸிகள் ஓடின. எல்லாம் கிழடுகள். மொத்தத்தையும் மாற்றப் போகிறேன் என்றார். ஆண்பிள்ளை இல்லாத மனிதர். இரண்டு மாப்பிள்ளைகளில் யார் சொல்லும் வண்டி சரியென்று படுகிறதோ, அவர் கையில் கம்பெனியையே கொடுத்துவிட்டு ஓய்ந்து உட்காருவேன் என்றும் சொல்லிவிட்டார்.

மூத்தவன் ஹைபிரிட் ஓட்டினான். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரியும் உண்டு. இளையவன் முழு எலெக்ட்ரிக். மாமனார் வாயில் ஹைபிரிட் நுழையவில்லை. பெரியவனுக்குப் பெட்ரோல் மாப்பிள்ளை, சின்னவனுக்குப் பேட்டரி மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சகலைகள் இரண்டு பேருக்கும் சண்டை பொறி பறக்கும். ஹைபிரிட் ஒரு ரெண்டுங்கெட்டான், பெட்ரோலும் போடணும் பேட்டரியும் சுமக்கணும் என்பான் சின்னவன். ஒரு சார்ஜில் ஓடுகிற தூரம், அதான் ரேஞ்ச், நடுவழியில் தீர்ந்தால் தள்ளுவதற்கு ஆள் கூட்டிக்கொண்டு போவீர்களா என்பான் பெரியவன். அதற்குச் சின்னவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் தாங்காது!

மாமனார் பெரியவனின் காரில் ஒருநாளும் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. எலெக்ட்ரிக் வந்த அன்றைக்கே, "ஒரு ரவுண்டு போலாமா மாப்ளே" என்று சின்னவனிடம் தாமாகக் கேட்டார். ஏன், பெற்ற பிள்ளைபோல இவனைக் கவனிக்கிற மாமியார்கூட அன்றைக்குப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். அன்று ராத்திரி சொந்த மனைவி சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு அந்தக் காரை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கு."

தொட்டிலாம்! பத்து வருஷம் இவன் காரில் உட்கார்ந்தவள்!

அன்றைக்கு முடிவு செய்தான்.

சந்தர்ப்பத்தை மாமனாரே தட்டில் வைத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரு வாரம் காரை மாற்றி ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள் என்றார். நேற்றுக் காலை சாவிகள் கை மாறின.

பெரியவன் தன் காரைப் பற்றிப் பொறுமையாகப் பாடம் நடத்தினான். சீட், கண்ணாடி, ஏ.சி., குடை வைக்கிற இடம் முதற்கொண்டு. ஒரே ஒரு விஷயம் தவிர.

எலெக்ட்ரிக் கார் சமர்த்து. ஓட்டியவன் இறங்கி நடந்தால் தானாக அணைந்து, தானாகப் பூட்டிக்கொள்ளும். சின்னவனுக்கு அதுதான் பழக்கம். ஹைபிரிட் அப்படியில்லை. பட்டனை அழுத்தி அணைக்க வேண்டும். மறந்தால் சத்தமே இல்லாமல் உயிரோடு நிற்கும். பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகக் கிளம்பும். பூட்டிய கராஜுக்குள் புகை... வாசனை இல்லாத விஷப்புகை! பெரியவனே ஒருமுறை மறந்துபோய், வீடு முழுக்கத் தலைவலியோடு எழுந்திருக்கிறது. ஒர்க்ஷாப்காரர் திட்டித் தீர்த்தார்.

சின்னவன் ஆர்க்கிடெக்ட். கராஜுக்கு மேலேதான் அவனுடைய வரைகிற அறை. உள்ளுக்குள்ளேயே மாடிப்படி. தூங்குவதும் அங்கேதான். காரணம், அவனுடைய குறட்டை. அந்தக் குறட்டை இந்தக் குடும்பத்தில் பிரசித்தம். கல்யாணமான மூன்றாம் நாளே மச்சினி தலையணையோடு அவனை மாடிக்கு அனுப்பிவிட்டாள்.

மறந்து இறங்கினால் கார் பீப் அடிக்கும். அந்தப் பீப்பைக் காரின் திரையில் அணைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான்.

"இறங்கினோமா, நடந்தோமான்னு போயிட்டே இருங்க சகலை. உங்க கார் மாதிரியேதான்."

அவ்வளவுதான்! கத்தி இல்லை. ரத்தம் இல்லை. கைரேகை இருந்தாலும், அவன் காரில் அவன் கைரேகை இல்லாமல் யார் கைரேகை இருக்கும்?

எல்லாம் முடிந்ததும் இந்த வெள்ளைக் காரை யார் ஓட்டுவார்கள் என்று யோசித்தான். மச்சினிக்கு ஓட்டத் தெரியாது. பாவம், சும்மா நின்றால் வீணாகிவிடும்.

வீடு வந்துவிட்டது.

கராஜ் ஷட்டர் தூக்கியிருந்தது. உள்ளே அவனுடைய சாம்பல் நிற ஹைபிரிட் பேசாமல் நின்றது. வாசலில் ஒரு போலீஸ் ஜீப். மனைவி இறங்கி ஓடித் தங்கையைக் கட்டிக்கொண்டாள். அவன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான்.

வரைகிற மேஜை. சுருட்டி வைத்த படங்கள். ஓரத்தில் கட்டில்.

கட்டிலில் தலையிலிருந்து கால் வரை வெள்ளைப் போர்வை.

பக்கத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தாள். நடுத்தர வயது. காலாற நடக்க வந்தவள்போல ஒரு நிதானம்.

"சகலை..." என்று தழுதழுத்தான். நன்றாகவே வந்தது. மாமனார் பார்க்க இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

"நீங்கதான் மூத்த மாப்பிள்ளையா சார்? கீழ நிக்கிற கார் உங்களுதா?"

"ஆமாம் மேடம். ஒரு வாரம் மாத்தி ஓட்டலாம்னு... இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"எப்படி ஆகும்னு?"

சொன்னான். கேட்டதற்கு மேலேயே சொன்னான். எலெக்ட்ரிக் கார் தானாக அணையும், அந்தப் பழக்கத்தில் இவர் அணைக்காமல் இறங்கியிருப்பார், எஞ்சின் தானாகக் கிளம்பியிருக்கும், புகை மாடிப்படி வழியாக மேலே வந்திருக்கும்... ஷோரூம்காரன் தோற்றான்!

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணணும்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா மேடம்? படிச்சுப் படிச்சு சொன்னேன்."

"மறந்தா பீப் அடிக்குமாமே."

"அது... ரிப்பேர். கொஞ்ச நாளாவே அடிக்கிறதில்ல."

"ஓ..."

அவள் ஜன்னல் பக்கம் போனாள். வெளியே வெள்ளைக் காரைப் பார்த்தாள். அழகான வண்டி என்று மெச்சினாள். அவனுக்கு இந்த நேரத்திலும் சுருக்கென்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கர்ர்ர்ர்ர்...

அடியிலிருந்து வருவதுபோல ஒரு உறுமல். பெரியவன் படிப்பக்கம் பாய்ந்தான். எஞ்சின்! தானாகக் கிளம்பிவிட்டது!

"மேடம், கார் ஸ்டார்ட் ஆயிடுச்சு. எல்லாரும் கீழ இறங்கிடலாம்..."

"கார் ஆஃப்லதான் இருக்கு சார். சாவி என்கிட்ட இருக்கு."

கர்ர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்...

எஞ்சின் புஸ் என்று முடிக்காதே!

மெல்லத் திரும்பினான். வெள்ளைப் போர்வை ஏறியது. இறங்கியது. ஏறியது. இந்தக் குடும்பத்துக்கே பிரசித்தமான அந்தச் சத்தம், போர்வைக்கு அடியிலிருந்து சுகமாக வந்துகொண்டிருந்தது!

இன்ஸ்பெக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் அசையாம படுங்கன்னுதான் சொன்னேன். நிஜமாவே தூங்கிட்டார் மனுஷன்."

போர்வையை உருவினாள். பேட்டரி மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். பெரியவனைப் பார்த்தான். தூக்கம் போய், முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"வந்துட்டீங்களா சகலை."

பெரியவன் இரண்டடி பின்வாங்கினான். மேஜையைப் பிடித்துக்கொண்டான். இது என்ன விளையாட்டு, போலீஸ் இப்படியெல்லாம் செய்யலாமா என்று திக்கித் திணறிக் கேட்டான்.

"விளையாட்டு இல்ல சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "இவர் என் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்தவர். நேத்து ராத்திரி புருஷனும் பொண்டாட்டியும் என்கிட்ட ஓடி வந்தாங்க. நான் நம்பல. அப்படியெல்லாம் இருக்காது, பெரியவர் சொல்ல மறந்திருப்பார்னுதான் சொன்னேன். சோதிச்சுப் பார்த்துடலாம்னு காலைல உங்களுக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கர்ல நானும் கேட்டேன்."

அவன் விழித்தான்.

"உங்க மச்சினி சொன்னது ஒண்ணே ஒண்ணு. கண்ணைத் திறக்க மாட்டேங்கிறார். நெஞ்சு வலியா இருக்கலாம், காய்ச்சலா இருக்கலாம். நீங்க என்னாச்சு ஏதாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கல. எடுத்த எடுப்புல கராஜ் ஷட்டரைத் தூக்கச் சொன்னீங்க."

பெரியவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

இரக்கம்! அந்தப் பாழாய்ப்போன இரக்கம்! அதை மட்டும் அடக்கியிருந்தால்...

"எப்படி..." பெரியவனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பட்டன் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். குற்றவாளி அவன்தானோ என்று தோன்றியது.

"நேத்து ஒரு நாள் உங்க காரை ஓட்டினேன் சகலை. சார்ஜ் எங்கேன்னு தேடல, மேப் பார்க்கல, கணக்குப் போடல. இத்தனை நாள் நீங்க இப்படி நிம்மதியா ஓட்டியிருக்கீங்களேன்னு நினைச்சப்ப... எனக்கு வயிறு எரிஞ்சுது. சாயங்காலமே ஷோரூம் போய் ஒரு ஹைபிரிட் புக் பண்ணிட்டேன். அங்க இருந்த பொண்ணு முதல்ல சொன்னதே அந்த பட்டன் விஷயம்தான். மறந்தா பீப் அடிக்கும்னு உங்க கார்லயே காட்ட வந்தா. அடிக்கல. யாரோ நேத்துக் காலைல அணைச்சு வச்சிருக்காங்கன்னு திரையில பார்த்துச் சொன்னா."

பெரியவனுக்குக் காதில் பாதிதான் விழுந்தது. மீதிப் பாதியில் வேறு ஒரு கேள்வி குடைந்தது. கேட்கக் கூடாது என்று தெரியும். இருந்தும் கேட்டுவிட்டான்.

"எந்த மாடல்?"

"டாப் மாடல்."

குப்பென்று அடுப்பு பற்றிக்கொண்டது. அவனுடையது அதற்கு இரண்டு படி கீழே!

"இன்னொண்ணும் இருக்கு," என்றான் சின்னவன். "ஷோரூம் வாசல்ல நின்னே மாமாவுக்குப் போன் பண்ணினேன். சகலை சொல்றதுதான் சரி, நாப்பது வண்டியும் ஹைபிரிட்டே வாங்குங்கன்னு சொன்னேன். அவரும் சரின்னுட்டார். கம்பெனி சாவியை இன்னைக்கு உங்க கையில கொடுக்கிறதா இருந்தார்."

பெரியவன் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தான்.

ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தால்... நேற்றே ஜெயித்திருப்பான்!

படியருகே தங்கையோடு அவன் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அழுகை நின்றுபோயிருந்தது.

"அவர் காரைப் பிடிச்சிருக்குன்னுதானேங்க சொன்னேன்," என்றாள் மெதுவாக. "அவரைப் பிடிச்சிருக்குன்னா சொன்னேன்?"

அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவன் இருந்த பக்கம் திரும்பவேயில்லை.

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தொட்டாள். கீழே இறங்கினார்கள். சாம்பல் காரைத் தாண்டி, வெள்ளைக் காரைத் தாண்டி, ஜீப்புக்கு வந்தார்கள். டிரைவர் சாவியைத் திருகினார். அது இருமியது, குலுங்கியது, கன்னங்கரேலென்று ஒரு புகையைக் கக்கியது. பெரியவன் பழக்க தோஷத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஏறுங்க சார். இது பழைய டீசல். டேங்க்ல ஸ்டேஷன் போய்ச் சேர்ற அளவுக்குத்தான் எண்ணெய் இருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர். "ஆனா நீங்க ரேஞ்ச் பத்திக் கவலைப்படாதீங்க... உங்களுக்கு ஒன் வே தான்!"